உள்ளகக் கணினியின் தாமதமும் அதன் காரணங்களும்: வன்னி ஆவணப்படுத்தலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணும் முயற்சிகள் கடந்த இருபது ஆண்டுகளிற் பெரிதும் வளர்ந்துள்ளன. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற நூலகத் திட்டம் இவற்றுள் முதன்மையானது. அதன் பட்டியலும் பக்கங்களும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளின்மீது அமைந்தவை. விக்கிப்பீடியாவை இயக்குவதும் அதே மென்பொருளே. இதனை முன்மாதிரியாகக் கொண்ட சிறு குழுக்கள் சில, மீடியாவிக்கியையோ வேர்ட்பிரஸ், ட்ரூபல் போன்றவற்றையோ தமது சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொண்டு ஊர் ஆவணங்களைப் பட்டியலிட்டு வருகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் நாம் அறிந்த குழுக்கள் இவ்வகையினவே. இணையத் தொடர்பு நிலையற்றதாயிருக்கும் இடங்களில், பதிவு வேலையை உள்ளகக் கணினியிலே முடித்து, பின்னர் தொடர்பு நன்றாயுள்ள நகரொன்றிலிருந்து அதனை ஏற்றுவது அவர்களது நடைமுறை.

இம்மென்பொருள்களுக்கு உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்று பெயர். எழுத்து, படம், பட்டியல் ஆகியவற்றைத் தரவுத்தளம் ஒன்றிலே வைத்திருந்து, வாசகன் கேட்கும் தருணத்தில் அவற்றைக் கோத்து ஒரு பக்கமாக்கித் தருவது இவற்றின் தொழில். பக்கம் என்பது முன்னரே எழுதி வைக்கப்பட்ட ஒன்றன்று. ஒவ்வொரு முறையும் உற்பத்தி செய்யப்படுவது. இவ்வுண்மையை மனங்கொள்ளாவிடின் பின்வருவனவற்றை விளங்கிக்கொள்வது கடினம்.

இக்குழுக்களிடையே நாம் அடிக்கடி கேட்ட முறைப்பாடு ஒன்றுதான்: 'பக்கம் திறக்கச் சுணங்குது.' அதற்குச் சொல்லப்படும் விளக்கமும் ஒன்றுதான்: 'கொம்பியூட்டர் பழசு.' முதலாவது உண்மை. இரண்டாவது பெரும்பாலும் உண்மையன்று. தாமதத்தின் காரணம் அளந்தறியத்தக்கது என்பதையும், அளந்து பார்க்குமிடத்து அது பொறியின் வயதைக் காட்டிலும் மென்பொருள் எந்தச் சூழலை எதிர்பார்த்து எழுதப்பட்டது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கக் காணலாம் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாராய்ச்சி ஏட்டில் இதற்கு இடமுண்டா என நண்பர்கள் சிலர் வினவக்கூடும். பதிப்பு வரலாற்றை எழுதும்போது அச்சியந்திரத்தையும் காகித விலையையும் பற்றிப் பேசத் தயங்காத நாம், இன்றைய நூற்பட்டியல் எந்தப் பொறியிலே எவ்வாறு உருவாகின்றது என்பதைப் பேசாது விடுவதற்கு நியாயமில்லை.

2

வன்னி பற்றிய எழுத்துச் சான்றுகளிற் கணிசமான பகுதி ஆண்டோர் வழியாக வந்தது. பிரித்தானிய நிருவாகியான ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை ஆய்வாளர் இன்றும் தேடிச் செல்கின்றனர். கற்சிலைமடுவிலே நாட்டப்பெற்ற நினைவுக்கல், கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31 இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த செய்தியை ஆங்கிலத்திலே அறிவித்தது. மறுபுறத்தில், தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி' 1973 இல் நூலாயிற்று. அச்சேறிப் பரவியமையால் அது தப்பியது. அச்சேறாதவற்றின் நிலை வேறு. கூத்துக் கொப்பிகள், கமக்காரர் சங்கங்களின் கூட்ட அறிக்கைப் புத்தகங்கள், சில நூறு பிரதிகளே அடிக்கப்பட்ட பாடசாலை மலர்கள், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலையொட்டி வெளிவந்த துண்டுப்பிரசுரங்கள் போன்றவை வீடுகளிலும் சனசமூக நிலையங்களிலும் இருந்தன. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் தொடர் இடப்பெயர்வுகளில் மக்கள் உயிரைக் கொண்டு செல்வதே அரிதாயிருந்தபோது இவற்றுட் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்று நாம் ஓர் எண்ணைச் சொல்ல முடிகிறது. வன்னியின் இழப்புக்கு அத்தகைய ஒரு கட்டடமும் இல்லை, ஓர் எண்ணும் இல்லை.

எஞ்சியவற்றைப் பட்டியலிடுவோர் ஊதியம் பெறும் நூலகர்கள் அல்லர். பகலில் வேறு வேலை செய்துவிட்டு மாலையிலே வந்து அமரும் இளைஞர்களும், குறிப்பாக யுவதிகளும். ஒரு பதிவுக்குக் குறைந்தது மூன்று பக்கங்கள் திறக்கப்பட வேண்டும்: படிவம், படமேற்றம், சேமிப்பு. ஒவ்வொன்றும் 30 விநாடி எடுக்குமாயின் பதிவொன்றுக்கு ஒன்றரை நிமிடம் காத்திருப்பிலே கழியும். 40 பதிவுகள் செய்யும் மாலையொன்றில் அது ஒரு மணித்தியாலம். வேலையை விட்டு விலகியவர்களைச் சிரத்தையற்றவர்கள் என்று குறைகூறுவது எமது கலாசார இயக்கங்களில் வழமையாகிவிட்டது. அந்த ஒரு மணித்தியாலத்தை யாரும் கணக்கிலெடுப்பதில்லை.

3

மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில் (1885) மார்க்ஸ் உழைப்பு நேரத்தையும் உற்பத்தி நேரத்தையும் வேறுபடுத்திக் காட்டுகின்றார். விதைத்த தானியம் மண்ணுள்ளே கிடக்கும் நாள்கள் உற்பத்தி நேரத்தைச் சேர்ந்தவை. ஆயினும் அந்நாள்களில் அதன்மீது உழைப்பு நிகழ்வதில்லை. கணினியின் தாமதத்தை ஆராய்வோர் முதலிற் கைக்கொள்ள வேண்டிய வேறுபாடும் இத்தகையதே. பக்கமொன்று உருவாக எடுக்கும் மொத்த நேரத்தில், செயலி உண்மையிலேயே வேலை செய்த நேரம் எவ்வளவு? அது வேறெதற்காகவோ காத்திருந்த நேரம் எவ்வளவு? (ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுதல் தகாது. கணினி தொழிலாளியன்று, அது பெறுமதியைப் படைப்பதுமில்லை.) வேலை மிகுதியாயின் வேலையைக் குறைக்க வேண்டும் அல்லது விரைவான செயலி வேண்டும். காத்திருப்பே மிகுதியாயின் புதிய செயலியும் அதே இடத்திலே சென்று காத்து நிற்கும். புதுக் கணினி வாங்கியும் சுணக்கம் தீரவில்லை என்ற பேச்சின் பொருள் இதுவே.

அளத்தலுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால் தோன்றும் பலகையில் வலையமைப்பு என்னும் பகுதி உண்டு. பக்கத்தை மீளத் திறந்தால், ஒவ்வொரு கோப்பும் வந்துசேர எடுத்த நேரம் அங்கே கோடுகளாகத் தெரியும். முதலாவது கோடு, அதாவது பக்கமே, நீண்டிருப்பின் தாமதம் கணினியின் உள்ளே நிகழ்கிறது. முதற்கோடு குறுகியும் பின்வரும் கோடுகளுள் ஏதேனுமொன்று நீண்டும் இருப்பின் எழுத்துரு, படம் முதலிய துணைக்கோப்பு ஒன்றே காரணம். இந்த ஒரு சோதனை பல மாலைகளின் ஊகங்களைத் தேவையற்றதாக்கும்.

மீடியாவிக்கி இவ்விடயத்தில் நேர்மையான மென்பொருள். தான் உருவாக்கிய பக்கத்தின் மூலக்குறியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத குறிப்பொன்றை அது எழுதி வைக்கிறது. அதில் சிபியு நேரம் என்றும் மெய்நேரம் என்றும் இரண்டு எண்கள் உள்ளன. அவை அருகருகே இருப்பின் செயலி வேலை செய்திருக்கிறது. சிபியு நேரம் அரை விநாடியாகவும் மெய்நேரம் ஒன்பது விநாடியாகவும் இருப்பின் எட்டரை விநாடி காத்திருப்பு. எந்த வார்ப்புரு எத்தனை வீத நேரத்தை விழுங்கியது என்னும் விவரமும் அக்குறிப்பிலேயே கிடைக்கும். ஆயினும் இவ்வெண்கள் விக்கியுரையைப் பக்கமாக மாற்றும் கட்டத்துக்கு மட்டுமே உரியவை. அத்துடன் முன்னரே சேமித்து வைத்த பிரதி காட்டப்படும்போது பழைய எண்களே தோன்றும். ஆதலால் பக்கத்தைப் புதுப்பித்த பின்னரே அவற்றை நோக்க வேண்டும். சேவையகம் எடுத்த மொத்த நேரம் மில்லிவிநாடிகளில் அதே மூலக்குறியின் இறுதியில் வேறாகத் தரப்பட்டிருக்கும்.

விண்டோஸின் பணி முகாமையாளரையும் உடன் திறந்து வைத்துக்கொள்வது நன்று. செயலி பத்து வீதத்திலும் வட்டு நூறு வீதத்திலும் நிற்குமாயின் செய்தி தெளிவு. இரண்டுமே சும்மாயிருக்கப் பக்கம் மட்டும் வராதிருப்பின், கணினிக்கு வெளியேயுள்ள ஏதோ ஒன்றுக்காக அது காத்திருக்கிறது.

எதனையும் மாற்றத் தொடங்குமுன் தரவுத்தளத்தை ஒரே கோப்பாக வெளியெடுத்து, படக்கோப்புறையையும் அமைப்புக் கோப்பையும் சேர்த்து வேறொரு வட்டிலே பிரதி செய்ய வேண்டும். மீளநிறுவினாற் சரியாகும் என்ற நண்பரின் ஆலோசனையால் அழிந்த பட்டியல்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றத்தின் முன்னும் பின்னும் அளந்த எண்களைத் தேதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வருவது அவசியம்.

4

காத்திருப்புக்கான காரணங்களுள் வன்னியிலே மிகுதியாகக் காணப்படுவதும் மிகக் குறைவாகச் சந்தேகிக்கப்படுவதும் இணையமே. உள்ளகக் கணினியில் இயங்கும் மென்பொருளுக்கு இணையம் எதற்கு என்று கேட்கலாம். வேர்ட்பிரஸின் நிருவாகப் பகுதி புதிய பதிப்புகள் வந்துள்ளனவா என்று தனது தலைமைத் தளத்தை இடையிடையே வினவுகின்றது. செருகுநிரல்களும் தத்தம் தளங்களை வினவுகின்றன. பயனர் படங்கள் இன்னொரு தளத்திலிருந்தும் எழுத்துருக்கள் பிறிதொன்றிலிருந்தும் கோரப்படுகின்றன. மீடியாவிக்கியை நிறுவும்போது விக்கிமீடியாப் பொதுவகப் படங்களை நேரே பயன்படுத்தும் வசதியைத் தெரிவு செய்திருந்தால், உள்ளூரில் இல்லாத படப்பெயர் ஒன்று பக்கத்தில் வருந்தோறும் அது பொதுவகத்தைத் தேடிப் போகும்.

இங்கே வியப்பான ஓர் உண்மை உண்டு. முற்றாகத் துண்டிக்கப்பட்ட கணினி, அரைகுறைத் தொடர்புள்ள கணினியைவிட விரைவாக இயங்கும். தொடர்பே இல்லாதபோது கோரிக்கை உடனே தோல்வியடைகிறது. மென்பொருள் அதனை ஏற்றுக்கொண்டு மேலே செல்கிறது. சமிக்ஞை ஒரு கோட்டில் வந்தும் போயும் கொண்டிருக்கையில் கோரிக்கை தோற்பதுமில்லை, நிறைவேறுவதுமில்லை. குறித்த காலவரை முடியும்வரை மென்பொருள் காத்து நிற்கிறது. வேர்ட்பிரஸின் பொதுவான வெளிக்கோரிக்கைக்கு இக்காலவரை 5 விநாடி. பீஎச்பீ மொழியின் இயல்பான இணைப்புக் காலவரையோ 60 விநாடி. நான்கு செருகுநிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஐந்து விநாடி காத்திருப்பின் இருபது விநாடி ஆயிற்று. சோதனை எளிது: டொங்கிளைக் கழற்றிவிட்டுப் பக்கத்தை மீளத் திறக்க வேண்டும். பக்கம் சட்டென வந்துவிடுமாயின் நோய் தெரிந்துவிட்டது. வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பிலே வெளிக்கோரிக்கைகளைத் தடுக்கும் வரியொன்றைச் சேர்க்கலாம். எழுத்துருவை உள்ளகக் கோப்புறையிலே வைக்கலாம். பொதுவக இணைப்பை நிறுத்தலாம். நகருக்குச் செல்லும் நாளில் தடையை நீக்கிப் புதிய பதிப்புகளை ஏற்றிக்கொள்ள மறக்கலாகாது.

இதிற் சதி எதுவுமில்லை. இம்மென்பொருளை ஆக்கியோருட் பெரும்பாலோர் இடையறாத இணையமும் இடையறாத மின்சாரமும் இயல்பாக உள்ள நகரங்களில் வாழ்பவர்கள். அவர்களுடைய வாழ்நிலை அவர்களது நிரலில் எழுதப்படாத எடுகோளாகப் படிந்துள்ளது. வேர்ட்பிரஸும் மீடியாவிக்கியும் பொது உரிமத்தில் வெளியிடப்படுவன. எவரும் நிரலைத் திறந்து வாசிக்கலாம், திருத்தலாம். இவ்வுரிமை உண்மையான சாதனைதான். எனினும் வாசிக்கக் கற்றவர் இல்லாத இடத்தில் அது பெயரளவு உரிமையே. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இருக்கையில், வாசிகசாலைப் பிள்ளைகளுக்கும் அம்மாணவர்களுக்கும் இடையே இவ்விடயத்தில் உறவு ஏற்படுத்த முடியாதென்று நாம் கருதவில்லை.

இரண்டாவது காரணம் மிகச் சிறியது. அதனாலேயே ஆண்டுக்கணக்கிற் கண்டறியப்படாது கிடப்பது. தரவுத்தளம் எங்குள்ளது என்பதை அமைப்புக் கோப்பிலே 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதுவது வழக்கம். விண்டோஸ் கணினியில் இப்பெயருக்கு இரண்டு முகவரிகள் உண்டு: ஒன்று புதிய ஐபிவி6 முறையிலானது, மற்றது பழைய முறையிலான 127.0.0.1. கணினி பெரும்பாலும் புதிய முகவரியையே முதலில் தட்டும். தரவுத்தளம் பழைய முகவரியில் மட்டும் செவிசாய்த்திருப்பின், முதற்கதவிலே பதிலின்றித் திரும்பி இரண்டாவதுக்கு வர ஏறத்தாழ ஒரு விநாடி செல்லும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இது நிகழும். பெயருக்குப் பதிலாக 127.0.0.1 என்று எழுதிவிட்டால் அந்த விநாடி மறைந்துவிடும்.

அடுத்தது வட்டு. பழைய மடிக்கணினிகளில் உள்ளது நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் வன்தட்டு. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. தேவையான தரவு ஊசியின் கீழ் வரச் சராசரியாக அரைச்சுற்று. ஊசி இடம்பெயரும் நேரம் வேறு. ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு தடவைகூட அதனாற் படிக்க முடியாது. மீடியாவிக்கி பக்கமொன்றை ஆக்க நூற்றுக்கணக்கான நிரற்கோப்புகளைத் திறக்கின்றது. அவற்றுள் ஒவ்வொன்றையும் வைரசுத் தடுப்பு மென்பொருள் மறித்துச் சோதிக்குமாயின் நிலைமை இன்னும் மோசமாகும். வைரசுச் சோதனையிலிருந்து அனைத்தையும் விலக்கிவிடும்படி ஆலோசனை கூறுவோர் உளர். பலருடைய பென்ட்ரைவ்கள் வந்துபோகும் ஆவணக் குழுவுக்கு அது ஆபத்தான ஆலோசனை என்பது எமது கருத்து. நிரல் இருக்கும் கோப்புறையையும் தரவுத்தளக் கோப்புறையையும் மட்டும் விலக்கலாம். படங்கள் வந்து சேரும் கோப்புறை சோதனைக்கு உட்பட்டேயாக வேண்டும். பணம் செலவிட இயலுமாயின், புதுக் கணினி வாங்குவதற்கு முன் பழைய கணினியின் சுழல்தட்டை அகற்றித் திண்மநிலை வட்டு ஒன்றைப் பொருத்துவதே முதற்செலவாக அமைய வேண்டும்.

5

வேலையைக் குறைப்பதைப் பற்றி இனிக் கூறலாம். கனகராயன் ஆற்றின் மாரி நீர் இரணைமடுவிலே தேங்கி நிற்பதாலேயே சிறுபோகம் சாத்தியமாகின்றது. கணினியிற் கேஷ் எனப்படுவதும் இத்தகைய ஒரு தேக்கமே. ஒருமுறை செய்த வேலையின் விளைவைத் தேக்கி வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துதல். உள்ளகக் கணினிகளில் இத்தேக்கங்கள் பெரும்பாலும் மூடியே கிடக்கின்றன.

பீஎச்பீ நிரல் ஒவ்வொரு கோரிக்கையின்போதும் புதிதாக வாசிக்கப்பட்டுப் பொறிக்குறியாக மாற்றப்படுகின்றது. 2013 இல் வெளிவந்த 5.5 ஆம் பதிப்பு முதலாக ஒப்கேஷ் என்னும் தேக்கம் பீஎச்பீயுடனேயே வழங்கப்படுகிறது. மாற்றிய குறியை அது நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஆனால் விண்டோஸில் சாம்ப் என்னும் தொகுப்பு மூலம் நிறுவியவர்களிடம் இது பெரும்பாலும் செயற்படாமலே இருக்கும். அமைப்புக் கோப்பில் ஓரிரு வரிகளை மாற்றினாற் போதும். கோப்புகளை மீள மீளத் திறக்கும் தேவையும் இதனாற் குறைவதனால், மேலே கூறிய வட்டுத் தாமதமும் வைரசுச் சோதனைத் தாமதமும் கூடவே குறைகின்றன. நாம் பார்த்தவரையில் செலவின்றிக் கிடைக்கும் மிகப்பெரிய பயன் இதுவே.

தரவுத்தளத்துக்கும் ஒரு தேக்கம் உண்டு. மையெஸ்கியூஎல் இன் இயல்பான நினைவகத் தேக்கம் 128 மெகாபைட். சாம்ப் தொகுப்பின் அமைப்புக் கோப்பிலோ அது 16 மெகாபைட்டாகவே வைக்கப்பட்டுள்ளது. சில ஆயிரம் பதிவுகள் சேர்ந்ததும் தரவு அதற்குள் அடங்காது. ஒவ்வொரு வினாவுக்கும் வட்டுக்குப் போக நேரிடும். நான்கு கிகாபைட் நினைவகமுள்ள கணினியில் 256 மெகாபைட் ஒதுக்குவதாற் கேடில்லை. 'முதலில் விரைவாகத்தான் இருந்தது, போகப் போகச் சுணங்குது' என்பாருக்கு முதலிற் பார்க்க வேண்டிய இடம் இது.

மீடியாவிக்கியிற் பிரதான தேக்கம் இயல்பாக மூடப்பட்டே வருகிறது; ஏபிசியு என்னும் நீட்சியைச் சேர்த்து அதனைத் திறக்கலாம். இடைமுகச் சொற்களைத் தரவுத்தளத்தில் வைக்காது கோப்புறையொன்றில் வைக்குமாறு அமைக்கலாம். இன்னொன்று: பின்னணியில் நிலுவையாயுள்ள பணிகளுள் ஒன்றை, பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் செய்து முடிப்பது அம்மென்பொருளின் இயல்பு. பல பக்கங்களிற் பயன்படும் வார்ப்புரு ஒன்றைத் திருத்தினால் நூற்றுக்கணக்கான பணிகள் குவியும். அவற்றின் சுமை பதிவு செய்வோர்மீது விழும். இதனை நிறுத்திவிட்டு, வேலை முடிந்து எழும்பும்போது ஒரே கட்டளையால் எல்லாவற்றையும் செய்விக்கலாம்.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். ஏ4 தாளொன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால் சுருக்கப்படாத படம் ஏறத்தாழ 104 மெகாபைட் வரும். அதனை அப்படியே ஏற்றிவிட்டுச் சிறுபடம் வரவில்லையென்று கவலைப்படுவதிற் பயனில்லை. மூலப்படத்தை வேறு வட்டில் பேணி, பார்வைப் பிரதியை மட்டும் முறைமையில் ஏற்றுவதே தக்கது. பேணுதலும் காட்டுதலும் வெவ்வேறு தொழில்கள்.

6

தேடல் பற்றிய பிரச்சினை தமிழுக்கே உரியது. எமது துறையினர் கவனிக்க வேண்டியது. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல், சொல் பதிவின் நடுவில் எங்கேனும் உள்ளதா என்று ஒவ்வொரு பதிவையும் முதலிலிருந்து கடைசிவரை பார்க்கும். எனவே பதிவுகள் பெருகப் பெருக நேரமும் பெருகும். மையெஸ்கியூஎல் மீது இயங்கும் மீடியாவிக்கி அகரவரிசைச் சுட்டி போன்ற ஓர் அட்டவணையைப் பயன்படுத்துகிறது; அவ்வகையில் அது மேலானது. ஆனால் ஆங்கிலமல்லாத எழுத்துகளை அவ்வட்டவணையில் இடும்போது ஒவ்வொரு குறியீட்டையும் எட்டு ஆங்கிலக் குறிகளாக மாற்றியே இடுகின்றது. தமிழில் உயிர்மெய்யின் மெய்ப்பகுதியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். புள்ளியும் ஒரு குறியீடு. ஆகவே அட்டவணை மிகவும் பருத்துவிடும். இத்தோடு நின்றால் நன்று. இயல்பான அமைப்பில் அவ்வட்டவணை ஏற்கும் சொல்லின் உச்ச நீளம் 84 குறி. வவுனியா என்பது 7 குறியீடு; எட்டால் பெருக்க 56. கிளிநொச்சி 10 குறியீடு, 80. முல்லைத்தீவு என்பதோ 12 குறியீடு, 96. கிளிநொச்சி அட்டவணையுட் புகுகிறது, முல்லைத்தீவு புகுவதில்லை. வேகமாக வந்து 'எதுவுமில்லை' என்று சொல்லும் தேடல், சுணங்கும் தேடலைவிடத் தீங்கானது.

விக்கிமீடியா போன்ற பெரிய அமைப்புகள் தனித் தேடுபொறியை வைத்துக்கொள்கின்றன. உள்ளகக் கணினியொன்றில் அதனை இயக்குவது பழைய மடிக்கணினியின் நினைவகத்தை முழுவதும் விழுங்கிவிடும். ஆகவே ஊர், மாவட்டம், ஆண்டு, ஆவண வகை ஆகியவற்றைப் பகுப்புகளாகத் தவறாது இடுவதே சிறு குழுக்களுக்கு ஏற்ற வழி. பகுப்புகள் வேறொரு பட்டியலிற் பேணப்படுவன. மேற்கூறிய 84 குறி எல்லை அவற்றைத் தொடுவதில்லை. பக்கத் தலைப்புக்கு 255 பைட் எல்லை உண்டென்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தமிழில் அது 85 குறியீடு. புரவலர் பெயர், ஊர்ப்பெயர், பட்டங்கள் யாவும் முகப்பில் நிறைந்த பழைய பிரசுரங்களின் முழுத்தலைப்பு இதற்குள் அடங்காது. சுருக்கத் தலைப்பிட்டு முழுத்தலைப்பைப் பதிவின் உள்ளே தர வேண்டும்.

7

வேகத்தின் பொருட்டுச் செய்யத்தகாத மாற்றம் ஒன்றும் உண்டு. சேமி என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தரவுத்தளம் அதனை வட்டிலே எழுதி உறுதிசெய்த பின்னரே பதில் தருகின்றது. சுழல்தட்டில் இதற்கு நேரமெடுக்கும். விநாடிக்கு ஒருமுறை மட்டும் உறுதிசெய்தாற் போதும் என்று ஓர் எண்ணை மாற்றுவதன் மூலம் சேமிப்பை விரைவாக்கலாம். பல கையேடுகள் இதனைப் பரிந்துரைக்கின்றன. மின்சாரம் திடீரென நின்றால் கடைசி ஒரு விநாடிப் பதிவுகள் இழக்கப்படலாம் என்பதே அதன் விலை. போர்க்காலத்தில் தேசிய மின்வலையோடு தொடர்பற்றிருந்த பகுதி கிளிநொச்சி. போர் முடிந்து மின்சாரம் வந்த பின்னரும், 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. நல்ல மின்கலமுள்ள மடிக்கணினியில் ஆபத்துக் குறைவு. மின்கலம் செத்துப்போய் நேரே சுவரிலிருந்து மின்சாரம் பெறும் கணினியிலோ மேசைக் கணினியிலோ இம்மாற்றத்தை நாம் ஏற்கமாட்டோம். மூதாட்டி ஒருவர் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்து, பார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிச் செல்லும் கடிதம் மறுபடி அந்த மேசைக்கு வருமென்பதற்கு உறுதியில்லை.

உள்ளகக் கணினியில் முடிந்த வேலையை நகருக்குக் கொண்டுசென்று பொதுச் சேவையகத்தில் ஏற்றும்போது, மேற்கூறிய மாற்றங்களுட் சிலவற்றை மீளப் பார்க்க வேண்டும். தரவுத்தள முகவரி அங்கே வேறாயிருக்கும். வெளிக்கோரிக்கைத் தடையை நீக்க வேண்டும். நிறுத்தி வைத்த பின்னணிப் பணிகளைக் குறித்த நேரத்தில் இயக்க ஒழுங்கு செய்ய வேண்டும். அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்துச் செல்லாது, அளவீட்டுக் கொப்பியை அருகில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டு மாற்றுவது அரைமணி நேர வேலை.